தலையைத் தொட்டதும் அழுத மாப்பிள்ளை

மாமனார் முன்னால் மாப்பிள்ளை என்னென்ன செய்யலாம் என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். சில வீடுகளில் லுங்கி கட்டலாம், சில வீடுகளில் கால்மேல் கால் போடலாம், ரொம்பத் தாராளமான வீடுகளில் சாப்பிட்டு முடித்து ஏப்பம்கூட விடலாம். ஆனால் விக்கி விக்கி அழுவதற்கு எந்த வீட்டிலும் அனுமதி கிடையாது. நான் அழுதிருக்கிறேன். அதுவும் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, காலில் சாக்ஸோடு, முன்பின் தெரியாத ஒரு பெண்மணி என் தலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டிருக்கும்போது. ஏன் அழுதேன் என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். நான் கோவில்பட்டிக்காரன். அம்பத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை (அடுத்தவர் எழுதிய புரோகிராம் எங்கே மக்கர் செய்கிறது, ஏன் செய்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது). மனைவி கலைவாணி அதே ஆபீஸில் வேறு டீம். காதல் கல்யாணம். பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் வாடகைக்கு இருந்தோம்.

கலையின் அப்பா ஏகாம்பரம், நெமிலிச்சேரிக்காரர். அவருடைய அப்பா அந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர். மகன் அம்பத்தூர் தொழிற்சாலையில் கிரேன் ஆபரேட்டர் ஆனார், விருப்ப ஓய்வு வாங்கினார், ஒரு குட்டி யானை வண்டி எடுத்துத் தண்ணீர் கேன் சப்ளை செய்ய ஆரம்பித்தார். எங்கிருந்தோ வந்த பையனுக்குப் பெண் கொடுக்க அவருக்கு இஷ்டமில்லை. ஒரு வருடம் யோசித்துத்தான் சம்மதித்தார். நிச்சயத்தன்று என்னைத் தனியாக மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், என் பெண் கண் கலங்கியது என்று கேள்விப்பட்டால் அடுத்த நிமிஷம் வந்து நிற்பேன் என்று சொன்னார். கலங்கப்போவது என் கண்ணாக இருக்கும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

எல்லாம் கழுத்தில் ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் எழுந்தால் கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை. லேசாக வலப்பக்கம் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டது. இடப்பக்கம் யாராவது கூப்பிட்டால் ஃப்ரிட்ஜை நகர்த்துவது போல உடம்பு மொத்தத்தையும் திருப்ப வேண்டும். கூடவே பின்மண்டையில் ஒரு வலி. தைலம் தடவினேன், வெந்நீர்ப் பை வைத்தேன், எலும்பு டாக்டரிடம் போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று மாத்திரை கொடுத்தார். ஒன்றும் இல்லாததுதான் வலித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கலையின் ஆபீஸ் தோழி ஒருத்தி, சென்னீர்குப்பத்தில் ஒரு அம்மா கிரேனியல் ஆஸ்டியோபதி என்று ஒன்று செய்கிறார், சும்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான், தன் தலைவலி போய்விட்டது என்று சொல்லியிருக்கிறாள். சும்மா தலையைப் பிடிப்பதற்கு ஒரு வைத்தியமா என்று நான் கேட்டேன். சும்மா கழுத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட அது மேல் என்றாள் கலை.

அவளுக்கு அந்த வாரம் லீவு கிடைக்கவில்லை. என்னால் பைக் ஓட்ட முடியாது. மாமனார் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். வைத்தியத்தின் பெயரை நான் சொன்னதும் அவருக்குக் கிரேன் மட்டும் காதில் விழுந்து முகம் மலர்ந்தது. கழுத்தில் பெல்ட் மாட்டி மேலே தூக்குவார்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கவேண்டும், வெடுக்கென்று இழுத்தால் சங்கிலி அறுந்துவிடும் என்று தொழில் அனுபவத்தோடு எனக்கு விளக்கினார். நான் பயந்துபோய்க் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை.

குட்டி யானையில் டிரைவர் வலப்பக்கம், நான் இடப்பக்கம். என் கழுத்தோ வலப்பக்கம் பார்த்து நின்றுவிட்ட கழுத்து. ஆகவே பருத்திப்பட்டிலிருந்து சென்னீர்குப்பம் வரைக்கும் நான் என் மாமனார் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன். வேறு வழியில்லை. முதலில் அவர் சிரித்தார். அப்புறம் மீசையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கண்ணாடியில் முகத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். பின்னால் காலி கேன்கள் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தடதடவென்று உருண்டன.

அந்த இடம் ஹைவே ஓரத்தில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே முதல் மாடி. கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். பிரமீளா என்பது அவர் பெயர், நாற்பது வயதிருக்கும். பிசியோதெரபி படித்துவிட்டு, பிறகு இதைத் தனியாகக் கற்றுக்கொண்டவர். குரல் அவ்வளவு மெதுவாக இருந்ததால் நாங்களும் தானாகவே குசுகுசுவென்று பேச ஆரம்பித்தோம். மண்டை ஓடு ஒரே எலும்பு இல்லை, பல எலும்புகள் சேர்ந்தது, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு நீர் இருக்கிறது, அதில் ஒரு மெல்லிய அசைவு இருக்கிறது, அதைக் கையால் கவனிப்பதுதான் என் வேலை என்றார். இதை எல்லா டாக்டர்களும் ஒத்துக்கொள்வதில்லை, கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றும் அவரே சொன்னார். இவ்வளவு நேர்மையாகப் பேசும் வைத்தியரை அதுவரை நான் பார்த்ததில்லை என்பதால் சந்தேகம் அதிகமாயிற்று.

மெஷின் எங்கே என்று மாமனார் கேட்டார். பிரமீளா தன் இரண்டு கைகளையும் காட்டினார். முப்பது டன் தூக்கிய மனிதர் அந்தச் சின்னக் கைகளைப் பார்த்துவிட்டு, திரைக்கு அந்தப் பக்கம் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் பெஞ்சில் படுத்தேன். பிரமீளா என் தலைமாட்டில் உட்கார்ந்து, பின்மண்டைக்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்தார். அவ்வளவுதான். அமுக்கவில்லை, தடவவில்லை, திருப்பவில்லை. எந்த நொடியும் வெடுக்கென்று ஒரு திருப்பு திருப்பப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் தளர்த்தச் சொன்னார். தளர்த்திவிட்டேன் என்றேன். இல்லை என்றார். இல்லை, தளர்த்திவிட்டேன் என்றேன். இப்படியே கொஞ்ச நேரம் மரியாதையாகச் சண்டை போட்டோம். கடைசியில் அவர் சொன்னார்:

"உங்க தலைய நீங்களேதான் தூக்கிட்டிருக்கீங்க. என்கிட்ட குடுங்க. நான் பிடிச்சுக்கிறேன்."

தலையை எப்படிக் கொடுப்பது? சொம்பா, தட்டா? எனக்குப் புரியவில்லை. ஆபீஸில் புரியாத கூட்டங்களில் செய்வது போல, சரி என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். சிகிச்சை ஆரம்பித்துவிட்டதா, இன்னும் இல்லையா என்றும் தெரியவில்லை. ஒருவேளை இவர் தூங்கிவிட்டாரோ என்று தோன்றியது. எழுப்பலாமா என்று யோசித்தேன். கேஸை அணைத்தேனா என்று யோசித்தேன். கீழே ஒரு லாரி போயிற்று, கண்ணாடி அதிர்ந்தது, நின்றது. அப்புறம் எதையும் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அப்போது இடது காதுக்குள் ஏதோ ஈரமாக இறங்கியது. ஏ.சி.யிலிருந்து சொட்டுகிறது என்று நினைத்தேன். சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் வலது காதிலும் இறங்கியது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சொட்டுகிற ஏ.சி. எங்கே இருக்கிறது? கையால் தடவிப் பார்த்தேன். என் கண்ணிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. எனக்குத் துக்கம் ஒன்றும் இல்லை, சத்தியமாக இல்லை. காலையில் சாப்பிடாத பசிதான் இருந்தது. ஆனால் கண்ணீர் பாட்டுக்கு வந்தது. அதோடு நின்றிருந்தாலாவது காதைத் துடைத்துக்கொண்டு கௌரவமாக வீடு திரும்பியிருப்பேன். விசில் வருவதற்கு முன்னால் குக்கர் ஒரு முக்கு முக்குமே, அந்த மாதிரி ஒரு சத்தம் தொண்டையிலிருந்து கிளம்பியது. அடுத்து விசிலும் வந்துவிட்டது. குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

திரை சரக்கென்று விலகியது. மாமனார் வந்து நின்று என்னைப் பார்த்தார், பிரமீளாவின் கையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"இன்னா மாப்ளே, வலிக்குதா?"

"இல்ல மாமா."

"பின்ன இன்னாத்துக்கு அழுவுறீங்க?"

"தெரியல மாமா."

பிரமீளா கையை எடுக்கவே இல்லை. சிலருக்கு இப்படி வரும், தடுக்க வேண்டாம் என்று அதே மெல்லிய குரலில் சொன்னார். மாமனாருக்குக் கை காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து என் நெஞ்சின்மேல் வைத்துவிட்டு, சாமி சந்நிதியில் நடப்பது போலப் பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார்.

திரும்பி வரும்போதும் என் கழுத்து திரும்பவில்லை. ஆகவே அழுது சிவந்த கண்களோடு அவர் முகத்தையே பார்த்தபடி வந்தேன். காடுவெட்டி தாண்டியதும் அவரால் தாங்க முடியவில்லை. ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கலைக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி. ஒரே பொண்ணுன்னு செல்லம் குடுத்து வளத்துட்டேன். எதுனா சொல்லிச்சா?"

அப்படி ஒன்றும் இல்லை என்றேன். சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறதா என்றார். நான்தான் மாமா சமைக்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். (சொல்லியிருக்கக் கூடாது.) அவர் மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டார். ஊரை விட்டு வந்து, இங்கே பெண் எடுத்து, இந்தப் பையன் எதையோ உள்ளே போட்டுப் பூட்டி வைத்திருக்கிறான் என்று அந்த டீ முடிவதற்குள் அவர் தீர்மானித்துவிட்டார்.

சாயங்காலம் மாமியாரும் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்தார். கலை ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறந்தால், ஹாலில் அப்பா, அம்மா, நடுவில் வலப்பக்கம் பார்த்தபடி நான். பெற்றவர்கள் இருவரும் அவளிடம் குரலைத் தாழ்த்தி, மாப்பிள்ளையிடம் கொஞ்சம் அனுசரித்துப்போகக் கூடாதா என்று கேட்டார்கள். என்ன விஷயம் என்றே தெரியாமல் அவள் முழித்தாள். விஷயத்தைக் கேட்டதும் பையைக்கூடக் கீழே வைக்காமல் என் பக்கம் திரும்பினாள். ஏன் அழுதீர்கள் என்றாள். தெரியவில்லை என்றேன்.

கல்யாண வாழ்க்கையில் 'தெரியவில்லை' என்பதைப் போல மோசமான பதில் வேறு இல்லை என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். ஆபீஸில் ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்வேன், யாரும் கோபித்துக்கொண்டதில்லை. வீட்டில் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நான் எதையோ பெரிதாக மறைப்பது போல ஆயிற்று. ஆபீஸில் பிரச்சினையா என்றார் மாமியார். கல்யாணத்துக்கு முன்னால் ஏதாவது என்று ஆரம்பித்த மாமனார் அதை முடிக்காமல் இருமினார். கலை மட்டும் எதுவும் ஊகிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"எட்டு மாசமா என்கிட்ட ஒரு நாளாவது மனசு விட்டுப் பேசியிருக்கீங்களா? யாரோ ஒருத்தங்க தலையத் தொட்டதும் அழத் தெரியுது."

அவள் கண் கலங்கியது. மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மொட்டை மாடிப் பேச்சு எனக்கு ஞாபகம் வந்தது. எதையாவது சொல்லியாக வேண்டும். யாரும் குறை சொல்ல முடியாத ஒரு காரணம் வேண்டும்.

அம்மா ஞாபகம் வந்துவிட்டது என்றேன்.

அறை முழுக்க மூச்சு விட்டது. மாமியார் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கலைகூட என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தபோது மாமனார் போனை எடுத்து என் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்.

என் அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். எதையும் பாதிதான் காதில் வாங்குவார், மீதியைத் தானே சமைத்துவிடுவார். மாமனார் சொன்னதில் தலை, கை வச்சாங்க, அழுதாரு, உங்கள நெனச்சு என்ற நான்கும் அவருக்குக் கேட்டன. மகனுக்குத் தலையில் ஆபரேஷன் என்று முடிவுகட்டிவிட்டார். நான் போனைப் பிடுங்கி எவ்வளவோ சொல்லியும், பயப்படக் கூடாது என்று பொய் சொல்கிறான் என்றுதான் எடுத்துக்கொண்டார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

வந்ததும் என் தலையைச் சுற்றிச் சுற்றித் தையல் தேடினார். தையல் இல்லை என்றதும் ஏமாற்றமாக இருந்ததோ என்னவோ, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மாமனார் மாமியார் இருவரும் அவரை வரவேற்க வந்திருந்தார்கள். மாமனாரே சொன்னார், உங்களை நினைத்துத்தான் அழுதார் என்று நெகிழ்ச்சியோடு முடித்தார். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னைய நெனச்சா? ஏலே, ஹாஸ்டல்ல விட்டுட்டு நான் கேட்ல நின்னு அழுதப்போ திரும்பிக்கூடப் பாக்காமப் போனவன்தான நீ? போன்ல என்கூட அஞ்சு நிமிசம் பேச மாட்ட. உண்மையச் சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொய் என்று ஒத்துக்கொண்டேன். அப்படியானால் உண்மையான காரணம் என்ன என்றார்கள் நான்கு பேரும். எனக்கு மறுபடி அழுகை வரும் போலிருந்தது. இந்த முறை காரணம் தெரிந்தே.

அந்த அம்மாவையே போய்க் கேட்டுவிடலாம் என்றார் என் அம்மா. லீவு கிடைக்காத கலையும் ஆபீஸுக்கு மட்டம் போட்டுவிட்டாள். குட்டி யானையின் முன்பக்கம் பெண்கள் மூவரும் நெருக்கியடித்து ஏறிக்கொள்ள, நான் பின்னால் கேன்களோடு நின்றுகொண்டு போனேன்.

குடும்பமே படியேறி வருவதைப் பார்த்துப் பிரமீளா கொஞ்சமும் அசரவில்லை. ஏன் அழுதான் என்று அம்மா நேராகக் கேட்டார். எனக்கும் தெரியாதும்மா என்றார் அவர். சிலர் தூங்குவார்கள், சிலர் அழுவார்கள், பல பேருக்கு ஒன்றுமே ஆகாது, காரணம் கேட்டால் நான் கதைதான் கட்டிச் சொல்ல வேண்டும் என்றார். மாமனாருக்கு இது ஒப்பவில்லை. ஒரு மெஷினை ஓட்டுகிறவருக்கு அது என்ன செய்கிறது என்று தெரியாமல் இருக்குமா? தன் தலையில் கை வைத்துக் காட்டும்படி சவால் விட்டுப் பெஞ்சில் ஏறிப் படுத்தார். பிரமீளா கையைக் கொடுத்ததும் இப்போதும் ஒன்றும் தெரியவில்லையே என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை பாதியில் குறட்டையாக மாறிவிட்டது. எழுப்பியதும் தான் தூங்கவே இல்லை என்று சாதித்தார்.

அடுத்து அம்மா படுத்தார். தலையைக் கொடுங்கள் என்று அவரிடமும் பிரமீளா சொன்னார். அம்மா கொடுக்கவில்லை. படுத்தபடியே பிரமீளாவின் சொந்த ஊர், பிள்ளைகளின் படிப்பு, டைல்ஸ் கடைக்காரர் வாங்கும் வாடகை எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டு, நல்லாத்தான் இருந்தது என்று எழுந்துகொண்டார்.

நானும் பார்க்கிறேன் என்றாள் கலை. குரலில் இன்னும் கோபம் இருந்தது. கண்ணை மூடிப் படுத்தாள். பிறகு உதடு ஓரம் லேசாகத் துடித்தது. அடக்கினாள். வயிறு குலுங்கியது. அடுத்த நிமிஷம் வெடித்துச் சிரித்துவிட்டாள். நிறுத்த முயன்றாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மாமியார் பதறிப்போய் அருகில் போனார். எதுக்குடி சிரிக்கிற என்றார்.

கலை பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மூடினாள். கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள். நான் அவளுக்கு வலப்பக்கமாக நின்றுகொண்டிருந்தேன்.

"எனக்குத் தெரியலங்க," என்றாள்.

அன்று மாலை ஏரிக்கரைப் பாதையில் நடந்தோம். அவள் என் வலப்பக்கம் வந்தாள், பார்த்துப் பேச வசதியாக. நிஜமாகவே உங்களுக்குத் தெரியாதா என்று கடைசியாக ஒரு முறை கேட்டாள். தெரியாது என்றேன். இந்த முறை அவள் நம்பினாள். அப்புறம் நான் பேச ஆரம்பித்தேன். ஹாஸ்டல் கேட்டைப் பற்றி, திரும்பிப் பார்த்திருந்தால் நான் உள்ளேயே போயிருக்க மாட்டேன் என்பதைப் பற்றி, இன்னும் எதை எதையோ பற்றி. அதற்கும் அழுகைக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. இருட்டும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கழுத்து அந்த வாரக் கடைசியில் தானாகவே திரும்பிவிட்டது. அம்மா போட்ட பூண்டு எண்ணெயால் என்கிறார் அம்மா. கேன்களோடு நின்றுகொண்டு வந்தபோது பள்ளத்தில் இறங்கி ஏறிய குலுக்கலால் என்கிறார் மாமனார். பிரமீளாவிடம் போன் செய்து சொன்னேன். சந்தோஷம் என்றதோடு சரி, தன்னால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன வருஷம் எங்கள் மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டோம். நெமிலிச்சேரியிலிருந்து வேன் வைத்துக்கொண்டு கலையின் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கோவில்பட்டி வரை வந்திருந்தார்கள். தாய்மாமன் முறையில் கலையின் சித்தி மகன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டான். மொட்டை போடுகிறவர் தண்ணீரைத் தொட்டுக் குழந்தையின் தலையில் இரண்டு கைகளையும் வைத்தார். அந்த நேரத்தில் கூட்டம் மொத்தமும் குழந்தையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. மாமனார் ஏற்கெனவே என் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். சலவைக்குப் போட்டு மடித்த துண்டு ஒன்று அவர் கையில் தயாராக இருந்தது.

குழந்தை அழவே இல்லை. துண்டு மட்டும் வீணாகவில்லை.